கவலை, பயம், ஜெபம்: எங்கள் ஜெபக்குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் ஜெபக்குழு வியாழக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடும். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், காபி எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் யாராவது கையைப் பிடித்து, "டீச்சர், ஒரு நிமிஷம்" என்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

நான் ஊழியக்காரி இல்லை, டாக்டரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவள். என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனபிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் பயத்தோடேயே படுத்து பயத்தோடேயே எழுந்தவள். வேத வசனங்களை நாங்கள் கோயிலில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

1. கவலைப்படுறது பாவமா டீச்சர்?

பிலிப்பியர் 4:6-ல் "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்" என்று இருக்கிறது அல்லவா, அதை வைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. ஏற்கெனவே கவலை; அதற்கு மேல் "கவலைப்பட்டுவிட்டேனே, ஆண்டவர் என்ன நினைப்பார்" என்று இன்னொரு சுமை. அதே நிருபத்தில் 2:20-ஐப் பாருங்கள். தீமோத்தேயுவைப்போல "உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்கிறதற்கு" வேறொருவனும் இல்லை என்று பவுல் பாராட்டுகிறார். அங்கே "விசாரிக்கிற" என்று வருவதும், 4:6-ல் "கவலைப்படுகிற" என்று வருவதும் மூலமொழியான கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று 2 கொரிந்தியர் 11:28-ல் பவுலே சொல்கிறார். ஒருவர்மேல் அன்பு இருந்தால் அவரைப் பற்றிய விசாரமும் இருக்கும். நம் தமிழிலும் விசாரம் என்றால் கவலை, விசாரிப்பது என்றால் பார்த்துக்கொள்வது.

அதனால் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 4:6-ஐ பாதியில் நிறுத்தாமல் முழுவதும் வாசியுங்கள்: "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." கவலை உங்களுக்குள்ளேயே செக்கு மாடு மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம், அதை அவரிடம் கொண்டுபோங்கள் என்கிறார். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். வாய் திறந்து அதைச் சொன்னதோடு, "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று நண்பர்களின் துணையையும் கேட்டார்.

2. எல்லாருக்கும்தான் கவலை இருக்கு. எனக்கு இருக்கிறது சாதாரணக் கவலையா, வியாதியா?

மகள் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை மனசு அடித்துக்கொள்வது சாதாரணம். அவள் வந்து சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் கவனிக்க வேண்டும். தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, வேலைக்கோ கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போவதையே தவிர்க்கிறீர்களா, இது வாரக்கணக்கில் நீள்கிறதா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் டாக்டரைப் பாருங்கள். முதலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே போதும். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பும் கைநடுக்கமும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு காபி குடிப்பவர்களுக்கும் வரும். ஜெபக்குறிப்பு கொடுப்பதற்கு முன்னால் அதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

3. ஜெபம் பண்ண உட்கார்ந்தாலே மனசு எங்கெங்கேயோ போகுது. என்ன சொல்றதுன்னே தெரியல.

எங்கே போகிறதோ அதையே ஜெபமாக்கிவிடுங்கள். முழங்காலில் நின்று "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிக்கிறீர்கள், மனசோ சீட்டுப் பணத்துக்குப் போய்விட்டது. சரி, சீட்டுப் பணத்தைப் பற்றியே சொல்லுங்கள். "சமாதானம் தாரும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "வெள்ளிக்கிழமை பதினான்காயிரம் கட்ட வேண்டும், கையில் ஒன்பதுதான் இருக்கிறது, அண்ணனிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது" என்று சொல்வதுதான் தெரியப்படுத்துவது. அவருக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் சொல்லும்போதுதான் நமக்கே தெரிகிறது, நாம் பயப்படுவது பணத்துக்கா வெட்கத்துக்கா என்று.

எனக்கு உதவியது ஒரு நோட்டு, சாதாரண நாற்பது பக்க நோட்டு. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் தேதியும் கவலையும் ஒரே வரியில் எழுதுவேன். வாசித்து ஜெபித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். பிறகு என்ன நடந்தது என்பதை வலது பக்கம் எழுதுவேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்தே நடுங்கிக் கிடக்கிறது: "நாளை எக்கோ ரிப்போர்ட்." அதற்கு எதிரே, நான்கு நாள் கழித்து: "டாக்டர் நடக்கச் சொன்னார். இன்று சாயங்காலம் லூர்துநாதன் சிலை வரைக்கும் நடந்தோம்." 4:6-ல் "ஸ்தோத்திரத்தோடே" என்று இருப்பது எனக்கு அந்த வலது பக்கத்தை வாசித்தபோதுதான் விளங்கியது.

வார்த்தையே வராத நாட்களும் உண்டு. அப்போது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. ஒரு பெருமூச்சோடு சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும்.

4. ஜெபம் பண்ணியும் பயம் போகலையே. என் ஜெபம் கேட்கப்படலையா?

பிலிப்பியர் 4:7-ல் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்." அந்தக் "காத்துக்கொள்ளும்" காவல்வீரர்களின் சொல். தமஸ்கு பட்டணத்துக்குக் காவல் வைத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 11:32-ல் சொல்லும்போதும் பவுல் அதே சொல்லைத்தான் போடுகிறார். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்றப் பட்டணம். காவல் என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதியவரோ அப்போது விலங்கில் இருந்தார். எதிரியே வராத ஊருக்குக் காவல் எதற்கு? பயம் வரும், கதவையும் தட்டும். உள்ளே வந்து வீட்டை எடுத்துக்கொள்ளாதபடி ஒருவர் வாசலில் நிற்கிறார்.

அதனால் ஜெபித்து எழுந்ததும் நெஞ்சு லேசாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆமென் சொன்ன கையோடு நாடியைப் பிடித்துப் பார்ப்பேன், துடிப்பு குறைந்திருக்கிறதா என்று. குறைந்திருக்காது, உடனே இன்னொரு பயம். பயத்தோடேயே எழுந்துபோய் சோறு வடித்தேன், பீரியடுக்குப் போனேன், அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். காக்கப்பட்டேன் என்பது பிறகு திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கெத்செமனேயில் இயேசுவும் அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்று தரம் ஜெபித்தார். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. திரும்பத் திரும்பக் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

5. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டிருது. அப்புறம் விடியற வரைக்கும் ஒரே யோசனை.

அந்த நேரத்தில் எந்தப் பிரச்சினையும் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். அப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். 3-ஆம் கேள்வியில் சொன்ன நோட்டு தலைமாட்டில் இருக்கட்டும். ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள். பிறகு ஒரு சின்ன வசனத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்வது சங்கீதம் 56:3. மூச்சை இழுக்கும்போது மனசுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", மெதுவாக விடும்போது "உம்மை நம்புவேன்." இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தணியும், நம் உடம்பின் அமைப்பே அப்படி. அவர் உண்டாக்கிய உடம்புதானே. இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள்.

நடுராத்திரியில் தூக்கம் கலைந்தால் யாருக்காகவோ ஜெபிக்கத்தான் ஆண்டவர் எழுப்புகிறார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தினமும் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது தூக்கம். "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பதும் வசனம்தான், சங்கீதம் 127:2.

6. மாத்திரை சாப்பிட்டா விசுவாசக் குறைவுன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் பலர் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மூளையும் உடம்பில் ஓர் உறுப்புதான். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று கொலோசெயர் 4:14 அழைக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதியதும் பவுல்தான். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மா 1900-ல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனைக்கு பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சை பெறும் முறை அங்கே உண்டு. ஜெபத்தோடு நடக்கும் ஆஸ்பத்திரியே மனநோய்க்கு மருந்து தரும்போது, மருந்து விசுவாசத்துக்கு விரோதம் என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

சார்லஸ் ஸ்பர்ஜன் பேரைச் சொல்லாத பிரசங்கியார் நம் ஊரில் குறைவு. 1856 அக்டோபர் 19-ல் லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் செத்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு அவரை விட்டு விட்டு வந்தது. பிரசங்க மேடையிலேயே அதை மறைக்காமல் பேசினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது?

எனக்கே டாக்டர் பதினான்கு மாதம் மாத்திரை கொடுத்தார். இந்த வகை மருந்துகள் பல, முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். நான்காம் நாளே "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். நன்றாக ஆனதும் சாட்சி சொல்லிவிட்டு நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் திரும்ப வரும். குறைப்பதை டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தூக்க மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடவே கூடாது, பழகிவிடும்.

7. திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, செத்துருவேன்னு தோணுது. அந்த நேரத்துல ஜெபம்கூட வரல.

முதல் முறை வந்தால், அல்லது நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதயம்தானா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்றத் தாக்குதல் என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்தது.

இது பொதுவாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். பயங்கரமாக இருக்கும், ஆனால் ஆளைக் கொல்லாது. அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. உட்காருங்கள், இரண்டு பாதங்களும் தரையில் படட்டும், 5-ல் சொன்ன மூச்சு. பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோது பண்ணிய ஜெபம் "ஆண்டவரே, என்னை ரட்சியும்" என்பதுதான். அதைவிடச் சின்ன ஜெபம் எனக்குத் தெரியாது. அதற்கே உடனே கை நீட்டப்பட்டது.

8. இது பிசாசின் கிரியைன்னு சொல்லி விடுதலை ஜெபத்துக்குக் கூப்பிடுறாங்க. போகலாமா?

ஜெபிக்கிறோம் என்று யார் அன்பாகக் கூப்பிட்டாலும் போகலாம். ஆனால் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னால், அடித்தால், சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உட்கார வைத்தால், பணம் கேட்டால் அங்கே இருக்காதீர்கள். ஒருமுறை ஒரு கூட்டத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தியைச் சுற்றி நின்று ஏழெட்டுப் பேர் சத்தம் போட்டதைப் பார்த்தேன். அவள் கை நடுங்கியதைப் பார்த்து இன்னும் சத்தம் போட்டார்கள். அந்தப் பிள்ளை பயந்து நடுங்கினாள், அவ்வளவுதான். நான் முன்னே போய்த் தடுக்காமல் இருந்தது இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது.

"தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை (2 தீமோத்தேயு 1:7) இதற்கு எடுப்பார்கள். அங்கே பவுல் பேசுவது, சுவிசேஷத்துக்காகப் பாடுபட வெட்கப்படாதே என்று. படபடப்பு வருகிறவருக்குள் ஓர் ஆவி இருக்கிறது என்று அந்த வசனம் சொல்லவில்லை. அதன் கடைசிச் சொல் "தெளிந்த புத்தி." அதைப் பயன்படுத்தி டாக்டரிடம் போவதும் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

9. ஜெபம் பண்ணும்போதே ஆண்டவரைப் பத்தி அசிங்கமான எண்ணம் வருது. நான் மன்னிக்கப்படாத பாவம் பண்ணிட்டேனா?

இதை யாரும் வாசலில் நின்று கேட்பதில்லை. தெருமுனை வரைக்கும் கூடவே வந்து, அங்கே வைத்து அழுதுகொண்டே கேட்கிறார்கள். அதனால் தெளிவாக எழுதுகிறேன்: நீங்கள் அந்தப் பாவத்தைச் செய்யவில்லை.

மாற்கு 3-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். வேதபாரகர் இயேசு பிசாசுகளைத் துரத்துவதைக் கேள்விப்பட்டும், அது பிசாசுகளின் தலைவனால் ஆகிறது என்று மனதறிந்து சொன்னார்கள். அவர்களுக்கு வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. உங்களுக்கு வருவதோ நீங்கள் கேட்காத, வெறுக்கிற எண்ணம். எதை மிகவும் மதிக்கிறோமோ அதைக் குறித்தே இப்படி எண்ணம் குத்துவது ஒரு நோயின் குணம். எண்ணச் சுழற்சி நோய் என்று டாக்டர்கள் சொல்வார்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. தாய்க்குத் தன் பச்சைப் பிள்ளையைப் பற்றியே பயங்கரமான எண்ணம் வருவதும் இதே வகைதான். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசங்கத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையிலிருந்த ஜான் பனியனுக்கும் இப்படி வந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று இரவும் பகலும் மனசுக்குள் ஓடியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மற்ற கவலைக்கெல்லாம் அதிகமாக ஜெபியுங்கள் என்பேன். இதற்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எண்ணத்துக்கும் மன்னிப்புக் கேட்டு, திரும்ப ஆரம்பத்திலிருந்து ஜெபித்து, சரியாகச் சொன்னோமா என்று சோதித்து, இப்படியே ஒரு மணி நேர ஜெபம் மூன்று மணி நேரம் ஆகிவிடும். நோய்க்குத்தான் அது தீனி. எண்ணம் வந்தால் வரட்டும். திரும்பச் சொல்லாமல் அடுத்த வார்த்தைக்குப் போங்கள். சபைப் போதகரான ஐயரிடம் ஒருமுறை சொல்லுங்கள், மனநல டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

10. நாங்க கத்தோலிக்கர். செபமாலை சொல்லும்போது மனசு அமைதியாகுது. அது போதுமா?

அமைதியாகிறது என்றால் விடாதீர்கள். மணி ஒவ்வொன்றாகக் கையில் நகர, மூச்சும் அதோடு சேர்ந்து நிதானமாகும். கூடவே, எந்தக் கவலைக்காகச் சொல்கிறீர்கள் என்பதை முதலிலேயே பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள்.

11. பையன் பிளஸ் டூ. பரீட்சைன்னாலே வாந்தி எடுக்கிறான். "ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகும்"னு சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

கொஞ்ச நாள் அதைச் சொல்லாதீர்கள். அவன் காதில் அது "உனக்கு ஜெபம் போதவில்லை" என்று விழுகிறது. "அம்மாவுக்கும் பயம் வரும்ப்பா" என்று சொல்லிப் பாருங்கள். நீதிமொழிகள் 12:25 சொல்வது: "மனுஷனுடைய இருதயத்திலுள்ள கவலை அதை ஒடுக்கும், நல்வார்த்தையோ அதை மகிழ்ச்சியாக்கும்." குடும்ப ஜெபத்தில் அவன் மார்க்குக்காக அவன் முன்னாலேயே உருகி ஜெபிப்பதையும் நிறுத்துங்கள். மார்க்கு எவ்வளவு வந்தாலும் நீ எங்கள் பிள்ளை என்று அவனிடமே சொல்லிவிட்டு, மற்றதை நீங்கள் தனியாக ஆண்டவரிடம் சொல்லுங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் 2-ஆம் பதில்.

12. எல்லாம் பண்ணியாச்சு. ஆண்டவர் இருக்கிறாருன்னே உணர முடியல. சில நேரம் இருக்கவே வேண்டாம்னு தோணுது.

இப்படித் தோன்றுகிறது என்றால் இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ராத்திரி தனியாக இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம், இலங்கையில் 1926. விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

எலியாவும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட அதே எலியா. 1 இராஜாக்கள் 19-ல் அவருக்கு முதலில் கிடைத்தது என்ன? கண்டிப்பும் இல்லை, பிரசங்கமும் இல்லை. தூக்கம். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. ஆண்டவர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் மெல்லிய சத்தத்தில்.

உணர முடியவில்லை என்பதற்கு 88-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் ஒரு ஜெபமாக வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வாசிக்க முடியவில்லை என்றால் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறோம். வரும்போது இட்லியும் எடுத்து வருகிறோம்.

13. டீச்சர், உங்களுக்கு இப்போ கவலையே வராதா?

வரும். அவர் சாயங்காலம் நடக்கப் போய்ப் பத்து நிமிஷம் தாமதமானாலும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். நோட்டு இப்போது ஆறாவது. போன செவ்வாய்க்கிழமை இடது பக்கம் எழுதினது, மகளுக்கு இது எட்டாம் மாதம், பிரஷர் கூடியிருக்கிறது என்று. வலது பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. இந்த வியாழக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில்தான். அவள் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்லப் போகிறேன்.